இல்லாத கையில் எழும் வலி: மூளையும் மன அழுத்தமும் குறித்து இன்றைய நரம்பியல்

வடசென்னையில், இராயபுரத்தை அடுத்துள்ள பழைய சிறைச்சாலைச் சாலையில் அமைந்திருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று குறிப்பிடும் வழக்கம் அப்பகுதியின் மூத்த தலைமுறையினரிடம் உண்டு. ஹைதர் அலீக்கும் ஆங்கிலக் கும்பெனிக்கும் இடையே நடந்த போரை ஒட்டிச் சென்னைப் பட்டினத்தைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782இல் இங்கே ஓர் இடம் ஏற்படுத்தப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. அச்சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இம்மருத்துவமனை. இதனோடு இணைந்து இயங்கிய மருத்துவப் பள்ளி 1938இல் கல்லூரியாக உயர்ந்து, சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியது.

இந்நிறுவனத்தின் வரலாற்றில் இரு செய்திகள் தனித்து நோக்கத்தக்கவை. முதலாவது, கை அறுவை மருத்துவம். துறைமுகம், காசிமேட்டு மீன்பிடித் துறை, எண்ணூரில் 1948 முதல் வளர்ந்த மோட்டார் வாகனத் தொழில், திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் உற்பத்தி, மணலியின் சுத்திகரிப்பு ஆலை, இவற்றைச் சுற்றி முளைத்த எண்ணற்ற லேத் பட்டறைகள் என உழைப்பாளர் நெருக்கமாக வாழும் பகுதி இது. இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய விரல்களும் துண்டான கைகளும் நாள்தோறும் வந்து சேரும் மருத்துவமனையில், கைக்கெனவே ஒரு தனித்துறை உருவானது இயல்பே. அத்துறையைக் கட்டி எழுப்பிய பேராசிரியர் இரா. வேங்கடசாமி, சாய்வாக வெட்டுண்ட விரல் நுனியை அருகிலுள்ள தோலையும் தசையையும் முக்கோண வடிவில் நகர்த்தி மூடும் முறையை 1980இல் வெளியிட்டார். உலகெங்கும் உள்ள கை அறுவை மருத்துவர்கள் அம்முறையை அறிவர்.

இரண்டாவது செய்தி, இக்கல்லூரியில் பயின்ற ஒரு மாணவரைப் பற்றியது. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் ஸ்டான்லியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, இரு கண்களின் பார்வை எவ்வாறு ஒன்றிணைகிறது என்பது பற்றிய அவருடைய ஆய்வுக் குறிப்பு 1972இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானார். துண்டிக்கப்பட்ட கையில் எழும் வலியைப் பற்றிய அவருடைய ஆய்வுகள், வலி என்பது என்ன என்ற பழைய வினாவைப் புதிதாக எழுப்பின.

கையை இழந்தவர் அந்தக் கை இன்னும் இருப்பதாக உணர்கிறார். அதன் விரல்கள் இறுகி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதாக வேதனைப்படுகிறார். கையோ இல்லை. அப்படியாயின் வலிப்பது எது? பட்டறையில் கை இழந்த ஒருவர் இவ்வாறு கூறும்போது அவருடைய குடும்பத்தாரும் மேலாளரும், சில வேளைகளில் மருத்துவரும்கூட, அது வெறும் மனப்பிரமை எனத் தள்ளிவிடுவதுண்டு. அவ்வாறு தள்ளுவது அறிவியலுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

வலியின் இருப்பிடம் எது?

வலியை வகைப்படுத்தி அறியும் முயற்சி மிகப் பழையது. ஹிஜ்ரி 428 (கி.பி. 1037)இல் மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல்-கானூன்' நூலில் குத்தல், அரிப்பு, அழுத்தம், துளைப்பு, மரத்துப்போதல் என்றவாறு பதினைந்து வகை வலிகளைப் பிரித்துக் காட்டினார். வலியைக் கூறும் நோயாளியின் சொல்லிலேயே நோயை அறியும் குறிப்பு அடங்கியுள்ளது என்ற எண்ணம் இவ்வகைப்பாட்டின் பின்னணியில் இருப்பதைக் காணலாம். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் ஹிஜ்ரி 322 (கி.பி. 934)இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றை மருத்துவத்தின் எல்லைக்குள்ளேயே வைத்து ஆராய்ந்த தொடக்ககால நூல்களுள் அது ஒன்று.

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் தெக்கார்த்து முன்வைத்த விளக்கம் வேறு வகையானது. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி ஒலிப்பதைப் போல, காலில் நெருப்புப் பட்டதும் நரம்பு வழியே மூளையில் ஒரு மணி அடிக்கிறது என்றார் அவர். எளிமையான இவ்வுவமை மூன்று நூற்றாண்டுகள் மருத்துவச் சிந்தனையை ஆண்டது. காயம் பெரிதாயின் வலியும் பெரிது, காயம் இல்லையேல் வலியும் இல்லை என்பதே அதிலிருந்து மக்கள் பெற்ற முடிவு.

ஆயினும் இம்முடிவுக்கு ஒவ்வாத சான்றுகள் எப்போதும் இருந்தே வந்தன. துண்டித்த உறுப்பில் வலி தொடர்வதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே குறித்து வைத்தார். தெக்கார்த்துமே அதனை அறிந்திருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்கள் பலரை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இவ்வுணர்வுக்கு ஒரு பெயரிட்டார். ஆவியைப் போல் வந்து நிற்கும் உறுப்பு என்பது அப்பெயரின் பொருள். தமிழில் அதனை 'மாய உறுப்பு' எனக் குறிக்கலாம். உறுப்பை இழந்தோரில் மிகப் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வடிவில் மாய உறுப்பை உணர்கின்றனர் என்பதும், அவர்களில் பலருக்கு அது வலியாகவே அமைகிறது என்பதும் இன்று நன்கு நிறுவப்பட்ட செய்திகள்.

காயத்தின் அளவும் வலியின் அளவும்

1944இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரைப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒரு விந்தையைக் கண்டார். கடுமையாகக் காயமுற்றும் சுயநினைவோடு இருந்த வீரர்களிடம் வலி நீக்கும் மருந்து வேண்டுமா எனக் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றனர். அவர்கள் உணர்விழந்தவர்கள் அல்லர். ஊசி குத்தினால் வலிக்கிறது என்று சொன்னவர்களே. போருக்குப் பின், அதே அளவோ அதனினும் சிறிதோவான அறுவைக் காயங்களுடன் இருந்த பொதுமக்களிடம் அதே வினாவைக் கேட்டபோது அவர்களில் பெரும்பாலோர் மருந்து கேட்டனர்.

பீச்சர் இதற்குத் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. போர்வீரனுக்குக் காயம் என்பது உயிர் பிழைத்து வீடு திரும்ப அனுமதி. பொதுமகனுக்கோ அது வருமானத்தையும் எதிர்காலத்தையும் கலைக்க வந்த பேரிடர். தசையில் நேர்ந்த சேதம் ஒன்றாயினும் அதன் பொருள் வேறு. அப்பொருளுக்கு ஏற்ப வலியும் வேறுபடுகிறது.

இவ்வேறுபாடு நிகழும் வழியை 1965இல் ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட 'வாயில்' கோட்பாடு எடுத்துரைத்தது. உடலிலிருந்து வரும் வலிச் செய்தி நேராக மூளைக்குச் செல்வதில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியில் அது ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். தொடுகையை எடுத்துச் செல்லும் பருத்த நரம்பு இழைகள் அவ்வாயிலைச் சாத்த முயல்கின்றன. வலியை எடுத்துச் செல்லும் மெல்லிய இழைகள் திறக்க முயல்கின்றன. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடும்போது வலி தணிவது இதனாலேயே. மேலும், மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புகளும் அவ்வாயிலைத் திறக்கவும் மூடவும் வல்லவை. அச்சம், நம்பிக்கை, கவனம் ஆகியன வலியின் மீது அதிகாரம் செலுத்துவது இவ்வழியாகத்தான். நுண்விவரங்களில் பல திருத்தங்கள் பெற்றபோதிலும், மூளை வலியைப் பெறுவதோடு அமையாமல் அதனை ஆள்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

1975இல் மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் கண்டறியப்பட்டன. 1978இல் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வொன்று மேலும் தெளிவு தந்தது. வெறும் உப்புநீரை மருந்தென நம்பி ஏற்றவர்களிடம் வலி குறைந்தது. அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் அந்த ஆறுதல் அகன்றது. நம்பிக்கை தரும் ஆறுதலும் வேதியியல் வழியே நிகழும் மெய்யான ஆறுதலே என்பது இதனால் விளங்கிற்று.

முகத்தைத் தொட்டால் விரலில் உணர்வு

மனித மூளையின் புறணியில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் உண்டு. 1937இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மென்மையான மின்தூண்டலால் தொட்டு அந்த வரைபடத்தை வெளியிட்டார். அதில் கைக்கும் உதடுகளுக்கும் மிகப் பெரிய பரப்பு ஒதுக்கப்பட்டுள்ளது. கைக்கு உரிய பரப்பை ஒட்டி அமைந்திருப்பது முகத்தின் பரப்பாகும்.

1991இல் குரங்குகளிடம் நடந்த ஓர் ஆய்வு, பல ஆண்டுகளாகக் கையிலிருந்து செய்தி வராத நிலையில், மூளையில் கைக்கு உரிய பரப்பு முகத்தின் தொடுகைக்கு மறுமொழி தருவதைக் காட்டியது. இதனை அறிந்த இராமச்சந்திரன், கை இழந்த ஒருவரின் கண்களை மூடிப் பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய முகத்தைத் தொட்டார். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டபோது இல்லாத கையின் கட்டைவிரலிலும், வேறோரிடத்தில் தொட்டபோது சுண்டுவிரலிலும் உணர்வு எழுந்ததாக அவர் கூறினார். 1992இல் வெளியான இக்கண்டுபிடிப்பு, கை போனபின் அதன் மூளைப் பரப்பை அண்டைப் பகுதி ஆக்கிரமிக்கிறது, அக்குழப்பமே மாயக் கையாக உணரப்படுகிறது என்ற விளக்கத்துக்கு அடிகோலியது.

அடுத்து அவர் சிகிச்சையை நாடினார். சிலருக்கு மாயக் கை அசைகிறது. வேறு சிலருக்கோ அது ஒரே நிலையில் இறுகி வலிக்கிறது. இவர்களில் பலருக்குத் துண்டிப்புக்கு முன்பே நரம்புச் சிதைவால் கை செயலற்றுக் கிடந்திருந்தது. 'அசை' என்று மூளை ஆணையிட, 'அசையவில்லை' என்று கண் செய்தி தர, அந்தச் செயலின்மையை மூளை கற்றுக்கொண்டுவிட்டது என்று அவர் கருதினார். அவ்வாறாயின், கை அசைகிறது என்ற செய்தியைக் கண்ணுக்கு மீண்டும் காட்டினால் என்ன?

இதற்கு அவர் அமைத்த கருவி ஓர் அட்டைப் பெட்டியும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் மட்டுமே. கண்ணாடியைப் பெட்டியின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, நலமான கையை அதன் முன்பக்கம் நீட்டி, பிம்பத்தைப் பார்க்கச் செய்தார். இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் பிம்பம் தோன்றுகிறது. நலமான கையின் விரல்களை விரித்தால் இழந்த கையும் விரிவதாகக் கண் காண்கிறது. 1996இல் வெளியான அறிக்கையின்படி, பத்து நோயாளிகளில் அறுவருக்கு மாயக் கை அசைவதாகவே உணர்வு எழுந்தது. விரல்கள் இறுகும் வலியால் துன்புற்ற ஐவரில் நால்வருக்கு, பிம்பம் விரிந்தபோது இறுக்கம் தளர்ந்தது. ஒருவர் மூன்று வாரம் நாள்தோறும் பயிற்சி செய்தபின், பத்தாண்டுகளாக அவரை வருத்திய மாயக் கையின் பெரும்பகுதி மறைந்தே போயிற்று.

கண்ணாடியையும் பார்வையையும் பற்றிப் பேசுகையில் இப்னுல் ஹைதத்தை நினையாதிருக்க இயலாது. ஏறத்தாழ கி.பி. 1011க்கும் 1021க்கும் இடையில் கெய்ரோவில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' ஏழு பகுதிகளைக் கொண்டது. அதன் பிற்பகுதி ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதை ஆராய்கிறது. இரண்டாம் பகுதியோ, பார்த்தல் என்பது ஒளி கண்ணில் விழுவதோடு முடிவதில்லை என்று நிறுவுகிறது. பொருளின் அளவு, தொலைவு, அசைவு ஆகியவற்றை உள்ளம் முன்னறிவோடு ஒப்பிட்டு, மிக விரைவாக அனுமானித்து முடிவு செய்கிறது. விரைவின் காரணமாகவே அந்த அனுமானம் நடைபெறுவது நமக்குத் தெரிவதில்லை என்றார் அவர். பார்வை பிழைபடும் வழிகளையும் அவர் முறையாக ஆராய்ந்தார். கண்ணாடிப் பெட்டி செய்வதும் இதுவே. மூளை செய்யும் அனுமானத்துக்குப் புதியதொரு சான்றைக் காட்டி, அதன் முடிவை மாற்றச் செய்கிறது.

மறுப்பும் திருத்தமும்

அறிவியலில் எவருடைய கூற்றும் ஆராயப்படாமல் ஏற்கப்படுவதில்லை. 2007இல் அமெரிக்காவின் வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துச் சோதித்தனர். கண்ணாடியைப் பார்த்துப் பயின்றவர் ஒரு குழு. மூடிய கண்ணாடியின் முன் பயின்றவர் மற்றொரு குழு. கண்களை மூடிக் கற்பனை மட்டும் செய்தவர் மூன்றாம் குழு. நான்கு வாரங்களுக்குப் பின், ஆய்வை நிறைவு செய்தவர்களில் கண்ணாடிக் குழுவின் அனைவருக்கும் வலி குறைந்திருந்தது. மற்ற இரு குழுக்களில் சிலருக்கே குறைந்தது. சிலருக்கு மிகுந்தது. நல்ல முடிவு, ஆனால் சிறிய குழு. பின்னர் நடந்த ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தந்துள்ளன. பலருக்குப் பயன் தருகிறது, எல்லோருக்கும் அன்று என்பதே இன்று நேர்மையாகக் கூறத்தக்கது.

மூளை வரைபடம் பற்றிய விளக்கமோ கடும் மறுப்பைச் சந்தித்துள்ளது. தாமர் மேக்கின் குழுவினர் 2013இல், மாயக் கையை அசைக்க முயல்வோரின் மூளையில் கைக்கு உரிய பரப்பு பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் காட்டினர். 2025இல் வெளியான ஆய்வொன்று ஒரு படி மேலே சென்றது. கை துண்டிக்கப்படவிருந்த மூவரின் மூளையை அறுவைக்கு முன்பும் பின்பும் பலமுறை படமெடுத்தனர். கையின் வரைபடம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. கை போயிற்று, மூளையில் உள்ள கை போகவில்லை என்பதே இதன் பொருள். துண்டித்த இடத்தில் முடிச்சிட்டு வளரும் நரம்பு முனைகளும் வலிச் செய்தியை ஓயாது அனுப்பக்கூடும் என்பதையும் இன்றைய ஆய்வாளர் வற்புறுத்துகின்றனர். எனவே, அறுவையின்போதே அந்நரம்பு முனைகளை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைத்துவிடும் முறை பல நாடுகளில் கையாளப்படுகிறது.

காரணம் பற்றிய விவாதம் தொடர்கிறது. ஆனால் இரு தரப்பினரும் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மை உண்டு. மாய உறுப்பில் எழும் வலி பொய்யன்று. அதற்கு நரம்பு மண்டலத்தில் மெய்யான அடிப்படை இருக்கிறது.

வலியே இல்லாத கை

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றும் தமிழ்நாட்டிலேயே ஆராயப்பட்டது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் ஏன் தேய்ந்து குறைகின்றன என ஆராய்ந்தார். நோயே தசையை அழுகச் செய்கிறது என்பது அக்காலத்திய நம்பிக்கை. பிராண்டு கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்வை அகற்றிவிடுகிறது. உணர்வற்ற கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறது, திறவாத பூட்டில் சாவியைத் தோல் கிழியும்வரை முறுக்குகிறது, பட்ட புண்ணின் மீதே மீண்டும் மீண்டும் அழுத்துகிறது. வலி இல்லாமையே அக்கையை அழித்தது.

இருக்கும் கையில் வலி இல்லை, இல்லாத கையில் வலி இருக்கிறது. இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், வலி என்பது உடலைக் காக்க மூளை எழுப்பும் எச்சரிக்கை என்பது புலனாகும். அவ்வெச்சரிக்கை எழாவிடில் உடல் சிதைகிறது. காக்க வேண்டிய உறுப்பு போனபின்னும் அது ஓயாவிடில் வாழ்வு சிதைகிறது.

மன அழுத்தம் மூளையில் விட்டுச் செல்வது

அவ்வெச்சரிக்கை ஓயாமல் போவதில் மன அழுத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். திடீரென நேரும் பேராபத்து வலியைச் சற்று நேரம் அடக்குகிறது. விபத்தில் கை நசுங்கியவர் அந்நொடியில் வலியை உணராமலே பிறரைக் கூவி அழைப்பது இதனாலேயே. மூளையின் சொந்த அபின் அப்போது பெருகுகிறது. ஆனால் நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் அழுத்தம் இதற்கு நேரெதிரான வேலையைச் செய்து வலியைக் கூர்மையாக்குகிறது.

இதன் ஒரு பகுதியை வெளிக்கொணர்ந்தது இந்திய ஆய்வே. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளை நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் வீதம் பத்து நாட்கள் அசையவிடாமல் வைத்தனர். நினைவுக்குத் துணைபுரியும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்தை ஆளும் அமிக்டலா பகுதியிலோ அக்கிளைகள் வளர்ந்து பெருகின. ஒரே அழுத்தம், ஒரே மூளை, ஆயினும் ஓரிடத்தில் தேய்வு, மற்றோரிடத்தில் வளர்ச்சி. பின்னர் அவ்வெலிகளுக்கு 21 நாட்கள் ஓய்வளித்துப் பார்த்ததில் ஹிப்போகேம்பஸ் மீண்டது. அமிக்டலாவின் வளர்ச்சியும் அச்ச நடத்தையும் மீளவில்லை என 2004இல் அறிவித்தனர். 2005இல் வந்த முடிவு இன்னும் வியப்பானது. ஒரே ஒருமுறை அழுத்தத்துக்கு உள்ளான எலியின் அமிக்டலாவில் மறுநாள் மாற்றம் தெரியவில்லை. பத்து நாள் கழித்து, நரம்பணுக்களைப் பிணைக்கும் முட்கள் பெருகியிருந்தன. அச்சமும் மிகுந்திருந்தது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறுதல் தகாது. ஆயினும் மனிதரிடம் நடந்த ஆய்வுகளும் இத்திசையையே சுட்டுகின்றன. 2012இல் சிகாகோவைச் சேர்ந்த ஆப்காரியன் குழுவினர், புதிதாக முதுகுவலி தொடங்கியவர்களை ஓராண்டுக் காலம் பின்தொடர்ந்தனர். யாருக்கு வலி நீங்கும், யாருக்கு நிலைத்துவிடும் என்பதை முன்கூட்டிச் சுட்டியது, மூளையின் முன்பகுதிக்கும் ஊக்கத்தையும் உணர்ச்சியையும் ஆளும் உட்பகுதிக்கும் இடையே நிலவிய தொடர்பின் வலிமையாகும். ஆக, ஒரு காயம் நாட்பட்ட வலியாக மாறுவதில், காயம் மட்டுமன்றிக் காயமுற்றவரின் அச்சமும் கற்றலும் இயங்கும் மூளைப் பகுதிகளும் பங்கு கொள்கின்றன.

இனி வடசென்னையின் தொழிலாளியை நினைத்துப் பார்ப்போம். பவர் பிரஸ்ஸில் கையை விட்டவருக்கு அக்காயம் பீச்சர் கண்ட வீரனைப் போல் வீடு திரும்பும் அனுமதி ஆகாது. அவர் நாட்கூலிக்கு வேலை செய்பவராயின் அது வருவாயின் முடிவு. வாடகை, பிள்ளைகளின் கட்டணம், வாங்கிய கடன், இழப்பீட்டுக்கான அலைச்சல் என ஒவ்வொன்றும் அழுத்தமாகித் திரள்கிறது. ஓயாத அவ்வழுத்தம் வலியின் வாயிலைத் திறந்தே வைக்கிறது. அந்நிலையில் 'கையே இல்லை, வலி எப்படி வரும்?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அக்கேள்வியும் அழுத்தத்தில் சேர்ந்துவிடுகிறது.

அட்டவணையில் இல்லாத வரிசை

தொழிலாளர் இழப்பீட்டுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் வழிகாட்டிய 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அட்டவணையைக் கொண்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. ஒரு கை முழுதும் போனால் 60. இரு கைகளும் போனால் 100. இவ்வாறு உறுப்பு உறுப்பாக எண்ணிச் செல்லும் அந்த வரிசையில் வலி என்றொரு பெயர் இல்லை. எண்ணி அளக்கத்தக்கதைச் சட்டம் அளந்தது. மற்றதை, அட்டவணையில் இடம்பெறாத காயங்களின் விளைவை, தகுதிபெற்ற மருத்துவரின் மதிப்பீட்டுக்கு விட்டது. ஆகவே, மருத்துவர் என்ன கேட்கிறார், நோயாளி என்ன சொல்கிறார், எது ஏட்டில் பதிவாகிறது என்பன முக்கியம் பெறுகின்றன.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் தான் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, வலியும் நரம்பில் ஓடும் மின்செய்தியும் ஒன்றல்ல என்றும், தனக்கு வலிக்கிறது என ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்றும் விளக்கக் குறிப்புகளில் சேர்த்தது. இது இரக்கத்தால் மட்டும் பிறந்த அறிவுரையன்று. மேலே கண்ட ஆய்வுகள் அனைத்தும் கொண்டுசெல்லும் முடிவு இதுவே.

இதனால் குடும்பத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. கை இழந்தவர் அறுவைக்குப் பின் மாய உறுப்பை உணரக்கூடும் என்பதை முன்கூட்டியே அவருக்கு எடுத்துரைப்பது நலம். அறியாதவர் தமக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என அஞ்சி வாய் திறவாமல் இருந்துவிடுவார். வலியை அவர் கூறும்போது எந்த விரலில், எத்தகையது, எப்போது மிகுகிறது என்று கேட்டறிந்து, மருத்துவரிடம் அதே சொற்களில் தெரிவிக்க வேண்டும். நரம்பு வலிக்கெனத் தனி மருந்துகள் உள்ளன. வழக்கமான வலி மாத்திரைகள் பலருக்குப் போதுமானவையாக இருப்பதில்லை. கண்ணாடிப் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே தொடரலாம். அதற்கு வேண்டுவது மேசையில் நிறுத்தத்தக்க ஒரு கண்ணாடியும் நாள்தோறும் கால்மணி நேரமும். முதல் நாட்களில் சிலருக்குத் தலைச்சுற்றலோ மிகுந்த மனக்கலக்கமோ தோன்றலாம். அப்போது நிறுத்திவிட்டு ஆலோசனை பெற வேண்டும். இழப்பீடு, மறுவாழ்வு, மாற்றுவேலை ஆகியவற்றை விரைந்து முடித்துத் தருவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அவை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அழுத்தம் நீடிக்கிறது. அழுத்தம் நீடித்தால் மூளை அதை மறப்பதில்லை என்பதை எலிகளின் அமிக்டலாவில் கண்டோம்.

விபத்து நேர்ந்த நொடியில் செய்ய வேண்டியதையும் இங்கே குறிப்பது பொருந்தும். துண்டான விரலையோ கையையோ சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத உறையில் இட்டு, அவ்வுறையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, காயமுற்றவருடனேயே மருத்துவமனைக்கு விரைந்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி உறுப்பின் மீது நேரடியாகப் படுதல் கூடாது. பொருத்தத்தக்க நிலையில் உள்ள கை பொருத்தப்பட்டுவிட்டால், இக்கட்டுரை பேசும் வலிக்கே இடமில்லாது போகலாம். பட்டறைகளில் பணிபுரிவோரும் அவற்றை நடத்துவோரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். பிரஸ் இயந்திரத்தின் காப்புத் தடுப்பை வேகத்துக்காகக் கழற்றி வைக்காதிருப்பது அதனினும் முதன்மையானது.